தாழ்வுபாட்டில் விழுந்த ராக்கெட்

"ஐயோ... என்ர மனுசனைக் கொன்றுபோட்டுதே!"

கிறேஸின் அலறலில் கருவாடு கொத்திய காகங்கள் பறந்தன.

தாழ்வுபாட்டுக் கடற்கரை மணலில் அவள் புருசன் அந்தோனிமுத்து கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கருகிய உலோகத் துண்டு... அன்று விடிய கடலுக்கு மேலே வெடித்துச் சிதறிய ராக்கெட்டின் துண்டு!

"கண்ணால பாத்தனான் சேர்," என்றான் றெனால்ட், செத்தவனின் படகுக் கூட்டாளி. "வானத்தில இருந்து நேரா மண்டையில விழுந்தது."

இன்ஸ்பெக்டர் ஜவாஹிர் தலையாட்டினார்.

நம்பிவிட்டார் என்று நினைத்தான் றெனால்ட். சரியான விசரன் அவன்.

துண்டு உண்மையில் சிக்கியது அந்தோனிமுத்துவின் வலையில். கண்டெடுத்தவரின் படம் பேப்பரில் வருமென்று ராக்கெட் கம்பனி அறிவித்திருந்தது. "என்ர வலை, என்ர படம்தான் வரும்," என்றான் அந்தோனிமுத்து. றெனால்டுக்கு வயிறு எரிந்தது. கோயில் திருவிழாப் படத்தில்கூட அரை முகம் மட்டும் விழுந்த மகாராசன் அவன்! கரைக்கு வந்ததும் அதே துண்டால் ஒரே போடு.

ஒரு படத்துக்கு ஒரு கொலை. தூ!

துண்டை மீட்க வந்த கம்பனிப் பெண் மதுஷிகா குனிந்து பார்த்தாள்.

"மிஸ், பேப்பருக்கு என்னைப் படம் எடுக்கேல்லையோ?" பிணத்துக்குப் பக்கத்தில் நின்று தலைமுடியைக் கோதினான் றெனால்ட்.

"பொறுங்கோ. துண்டில இருக்கிற இந்தக் கண்ணாடி எப்பிடி இவ்வளவு துப்பரவா இருக்கு?"

றெனால்டின் நெஞ்சு நிமிர்ந்தது.

"நான்தான் மிஸ். கரைக்கு வந்த உடன, எஞ்சினைக் கழுவுற மாதிரி நல்ல தண்ணியில கழுவினனான். கடலுப்பு இரும்பைத் தின்னுமெல்லோ?"

ஜவாஹிர் மெல்லத் திரும்பினார்.

"வானத்தில இருந்து நேரா மண்டையில விழுந்த சாமானில கடலுப்பு எங்கால வந்தது?"

"அது... சேர்... காத்தில..."

"ஓம், காத்தில."

மதுஷிகா துண்டில் ஒரு வயரைச் செருகி லேப்டொப்பைத் திறந்தாள்.

"சேர், இந்தக் கண்ணாடிக்குப் பின்னால கமெரா இருக்கு. ராக்கெட் போறதைப் படம் பிடிக்க வைச்சது. இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கு."

திரையில் புகை. கடல். வலை. துள்ளும் மீன். கண்ணாடியில் வழியும் நல்ல தண்ணீர்...

பிறகு, பல்லைக் கடித்தபடி துண்டை ஓங்கும் றெனால்ட்!

கிறேஸ் அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

ஜவாஹிர் விலங்கை மாட்டினார்.

"படம் கேட்டனியெல்லோ? இந்த முறை முழு முகமும் வடிவா விழுந்திருக்கு. கண்ணாடியையும் நீயே கழுவித் தந்திருக்கிறாய்."