முறிவு மருந்து

ட்ரிங்... ட்ரிங்...

முடிச்சூர் வீட்டு அடுக்களையில் செல்போன் அலறியது. ஏழு மாத வயிற்றைத் தாங்கியபடி ஜீவிதா எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம்." வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு பேசுவது போல ஓர் ஆண் குரல். "இன்னிக்குக் காலைல உங்களுக்குப் போட்ட கக்குவான் இருமல் ஊசி, கெட்டுப்போன சரக்கு. குழந்தை உயிருக்கே ஆபத்து!"



"அய்யோ... சார்!"

"கேட்ல ஒரு பை மாட்டியிருக்கு. உள்ள அதுக்கான முறிவு மருந்து. உடனே குடிங்க. யார்கிட்டயும் பேசி நேரத்தை வீணாக்காதீங்க!"

கட்.

பைக்குள் லேபிள் இல்லாத பாட்டில். திறந்ததும் குப்பென்று நெடி அடித்தது. வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது...

குடிக்காவிட்டால் இந்த உதை நின்றுவிடுமோ?

பாட்டில் உதடு வரை வந்துவிட்டது. என்னவோ உறுத்த, டாக்டர் சின்மயியைப் போனில் பிடித்து, பாட்டிலைப் பற்றிச் சொன்னாள்.

"கீழ வைங்க அதை!" டாக்டர் கத்தினாள். "அந்த ஊசில உயிருள்ள கிருமியே கிடையாது. உங்க உடம்புல உண்டாகிற எதிர்ப்புசக்தி குழந்தைக்கும் போகும். கை ரெண்டு நாள் வலிக்கும், அவ்வளவுதான். முறிக்கறதுக்கு அங்க என்ன விஷமா இருக்கு?"

"காலைல போட்டது கெட்டதுன்னு..."

"காலைலயா? உங்களுக்குப் போன வாரமே போட்டாச்சே!"



ஆமாம்! பயத்தில் அது ஜீவிதாவின் புத்தியில் ஏறவே இல்லை. மாமியார் தாயாரம்மாளுக்கு ஊசி என்றாலே ஆகாது. அதனால் போன வாரம் கணவனோடு ரகசியமாகப் போய் போட்டுக்கொண்டாள். இன்று காலை ஊசிக்குப் போவதாக அவள் புளுகியது ஒரே ஓர் ஆளிடம். தாம்பரம் வரை காரில் கொண்டுபோய் விட்டவரிடம்!

"டாக்டர்... போலீஸுக்குச் சொல்லிடுங்க."

டம்ளரோடு ஹாலுக்கு வந்தாள். சோபாவில் கணவனின் அண்ணன் குப்புராஜ், அப்போதுதான் வெளியிலிருந்து வந்திருந்தான்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளிறிக் கீது?"

"ஊசி கெட்டதாம் மாமா. ஆஸ்பத்திரில மருந்து அனுப்பியிருக்காங்க."

"அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? குட்ச்சிடு!"

"ஊசியா?" தாயாரம்மாள் பாய்ந்து வந்தாள். "வாணாம்னு தலபாடா அட்ச்சிக்கினேனே! குடு இப்டி!"

மருமகள் வாய்க்குப் போகும் எதையும் முதலில் தான் ஒரு வாய் பார்க்காமல் அவள் விட்டதே இல்லை. டம்ளரைப் பிடுங்கினாள். வாயருகே கொண்டுபோனாள்...

"யம்மா! குடிக்காத! வெசம்!"

குப்புராஜ் டம்ளரைத் தட்டிவிட்டான். அது உருண்டு ஓடியது.

"அது வெறும் சுக்குக் கஷாயம் மாமா," என்றாள் ஜீவிதா. "உங்க பாட்டில் போலீஸுக்காகப் பத்திரமா இருக்கு."

குப்புராஜ் சுவரோடு சரிந்தான். "மெயின் ரோட்டு மனைய பொறக்கப்போற பேரப்புள்ளைக்குன்னு அப்பா எழுதிட்டாரே..."

பளார்! தாயாரம்மாள் பெற்ற மகனை அறைந்தாள். பிறகு உடைந்து அழுதாள். "ஊசி கொன்னுடும்னு பயந்தேனே... நான் பெத்ததே கொல்லப் பாத்துதே!"

வாசலில் ஜீப். ஜீவிதா கை காட்டியதும் இன்ஸ்பெக்டர் வினிதா குப்புராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"இவன்தான்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"காலைல ஊசிக்குப் போறேன்னு இவர்கிட்ட மட்டும்தான் பொய் சொன்னேன் மேடம். இவர் இறக்கிவிட்டதும் நேரா போனது..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பானிபூரிக் கடைக்கு!"

தாயாரம்மாளின் அழுகை சட்டென்று நின்றது.

"இன்னாது... பானிபூரியா?!"

ஜீவிதா இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"மேடம்... ஜீப்ல எனக்கும் ஒரு சீட் இருக்குமா?"