எல்லாவற்றுக்கும் ஐந்து

நலவாணிச் சாவடிக்குள் அமலோற்பவம் கணுக்கால் புண்ணைக் காமிராவுக்குக் காட்டினாள். நலவாணி ஒரு மருத்துவ உரையாடி. சாட்பாட் என்றும் சொல்வார்கள். அது களிம்பு ஒன்றின் பெயரைச் சொன்னது. பிறகு, எல்லா உரையாடிகளையும் போலவே, திரையில் பத்துக் கேள்விகளை நீட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். அவள் எதையும் படிக்காமல் பத்துக்கும் ஐந்தை அழுத்திவிட்டு உப்பளத்துக்கு நடந்தாள்.

2071இல் அரசு உரையாடிகளின் ஆயுள் அந்தப் பத்துக் கேள்விகளில்தான் இருந்தது. நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால் மூடிவிடுவார்கள். அவள் ஊரான சங்குமேட்டின் நலவாணிக்குத் தொண்ணூற்றொன்று. மாநிலத்திலேயே முதலிடம்.

விருது அறிவிக்குமுன் படிவங்களைச் சரிபார்க்க, மதிப்பீட்டு ஆணையத்திலிருந்து பிரபாவதி வந்தாள். கேள்விகளில் பாதி பாராட்டுபவை, பாதி குறை சொல்பவை. 'இது எளிதாக இருக்கிறது' என்பதற்கும் 'இது என்னைக் குழப்புகிறது' என்பதற்கும் ஒருவரே ஐந்து போட்டால் அந்தப் படிவம் செல்லாது, கணினி ஒதுக்கிவிடும். சங்குமேட்டின் இருநூற்று நாற்பது படிவங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு அப்படி ஒதுங்கிக் கிடந்தன. மீதி இருபத்தெட்டுப் பேர் தந்ததுதான் அந்தத் தொண்ணூற்றொன்று.

பேச ஒப்புக்கொண்டவர்களில் முதல் பெயர் அமலோற்பவம். பிரபாவதி உப்பள வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு அவளிடம் போனாள்.

"அக்கா, நலவாணி எளிதுன்னும் அஞ்சு போட்டிருக்கீங்க, குழப்புதுன்னும் அஞ்சு போட்டிருக்கீங்க. எது நிஜம்?"

உப்பு வாரும் பலகையை அமலோற்பவம் நிறுத்தினாள். "குறைச்சுப் போட்டா தூக்கிருவாவல்லா?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? இதுக்கு முந்தி இருந்த பொட்டிக்கு உள்ளத உள்ளபடி போட்டோம். மறுவாரமே அள்ளிட்டுப் போயிட்டாவ. எட்டு மாசம், காய்ச்சல்னாலும் கேக்க நாதியில்ல. அதான் ஊரே அஞ்சு போடுது."

"இப்ப இருக்கிறது நல்லா சொல்லுதா?"

அமலோற்பவம் பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள்.

"எம் மருமவ எட்டு மாசக்காரியா இருந்தா. அடிவயிறு இழுத்துப் பிடிக்குன்னா. வேலை செஞ்ச அசதின்னு சொல்லி ஒத்தடம் குடுக்கச் சொல்லிச்சு. எனக்கு மனசு கேக்கல. உப்பு லாரியில ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். தாயும் பிள்ளையும் பொழச்சுது." குரல் தணிந்தது. "திரும்பி வந்து அதுக்கும் அஞ்சுதான் போட்டேன், தாயி."

பிரபாவதி மூன்று நாள் அங்கேயே தங்கி, வீடு வீடாக உட்கார்ந்து, பெயர் குறிக்காமல் கேட்டுப் பதிவுசெய்தாள். உண்மை மதிப்பெண் முப்பத்துநான்கு. அதை அனுப்பினால் நலவாணி மூடப்படும். மறைத்தால் அடுத்த பெண்ணுக்கு லாரி கிடைக்காமல் போகலாம்.

அவள் முப்பத்துநான்கை அனுப்பினாள். கூடவே ஊரார் பேசிய குரல் பதிவுகளையும் அனுப்பி ஆணையத் தலைவரை அழைத்தாள்.

"மூடிடுவோம்னு மிரட்டுற வரைக்கும், சார், நமக்கு வர்றது மதிப்பெண் இல்ல. பயம்."

"முதலிடம்னு பத்திரிகைக்கே சொல்லியாச்சும்மா," என்றார் அவர்.

"மத்த ஊர்ல ஒதுக்கின படிவங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தார்கள். எண்ணி முடிக்க ஐந்து மாதமானது, அதுவரை எதையும் மூடவில்லை. பல ஊர்களிலும் இதே கதைதான். அதன்பின் விதி மாறியது: மதிப்பெண் குறைந்த உரையாடியை மூடக்கூடாது, முப்பது நாளுக்குள் திருத்துநர் குழு வந்து, ஊராரோடு அமர்ந்து சீராக்கவேண்டும், அதுவரை செவிலியர் ஒருவர் சாவடியில் இருக்கவேண்டும்.

சங்குமேட்டுக்குக் குழு வந்த காலையில் சாவடி வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே போக ஒவ்வொருவரும் அடுத்தவரை முன்னே தள்ளினார்கள். அமலோற்பவம்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தாள்.

"ஏ நலவாணி, ஒனக்கு எங்க பேச்சே வெளங்க மாட்டேங்கு."

"எங்கே தவறினேன், சொல்லுங்கள்," என்றது அது.

மருமகள் கதையை முழுக்கச் சொன்னாள். நலவாணி கேட்டது: "இழுத்துப் பிடிக்கு என்றால், பிரசவ வலியா?"

"பிள்ளத்தாச்சி சொன்னா அதான் அர்த்தம். ஒத்தடம் கித்தடம்னு சொல்லாத, வண்டிய வரச் சொல்லு."

"இனி அப்படியே செய்கிறேன்."

அவள் அடுத்த குறையைத் தொடங்குமுன் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் பொறுமையிழந்து கேட்டது.

"மதினி, சீக்கிரம் முடிங்க. எங்கிட்ட நூறு குறை கெடக்கு."