முப்பத்தாறாம் பக்கம்

ஞாயிறு காலை 10.20. பல் டாக்டர் தன் போக்கர் சீட்டாட்ட நோட்டைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முப்பத்தைந்தாம் பக்கத்துக்கு அடுத்து முப்பத்தேழு இருந்தது. இடையில் கிழித்த தாளின் ஓரம் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

வாரத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு பக்கம். யார் எவ்வளவு பந்தய வில்லை வைத்தார், யார் எப்போது பின்வாங்கினார், யார் கை நடுங்கியது என்பதுவரை எழுதிவைப்பாள். பிறகு தனியே உட்கார்ந்து, எங்கே கோட்டைவிட்டோம் என்று தன்னையே குடைவாள். ஆட்டத்தில் எப்போதும் கடைசியாக வந்தவள் இப்போது முதலில் வருவது அந்த நோட்டால்தான்.

9.45க்குப் புரட்டியபோது எல்லாத் தாளும் இருந்தன. பத்து மணிக்கு அண்ணன், போட்டோக்காரர், கணக்கு வாத்தியார் மூவரும் ஆட வந்ததும், "முப்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு ஆட்டம் எனக்குப் பிடிபடவே இல்ல. இன்னைக்கு எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி, நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். அந்தக் கால் மணி நேரத்தில் நடந்திருக்கிறது.

எல்லாப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். முப்பத்தாறைத் தேடிப் பார்த்தாள். அன்று அவள் எல்லா ஆட்டத்திலும் பின்வாங்கியிருந்தாள். போட்டோக்காரர் ஒரே ஒரு பெரிய ஆட்டம் ஜெயித்திருந்தார். வேறொன்றும் இல்லை.

"முப்பத்தாறாம் பக்கத்தைக் காணோம். நீங்க அலமாரிப் பக்கம் போனீங்களா?" என்று போட்டோக்காரரைக் கேட்டாள்.

"போனேன். எல்லாரும்தான் போனோம், சீட்டுக்கட்டு அங்கதானே இருக்கு. டாக்டர், இந்த வருஷம் நான் உருப்படியா ஜெயிச்சதே அந்த ஒரு வாரம். அதைப் போய் நானே கிழிப்பேனா?"

"நீங்க, சார்?"

"நான் கிழிச்சிருந்தா ஸ்கேல் வெச்சுக் கிழிச்சிருப்பேன்" என்றார் கணக்கு வாத்தியார்.

அண்ணன் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தான். "ஒரு தாளுக்கு இவ்வளவு விசாரணையா, பாப்பா? வேற நோட்டு வாங்கித் தரேன், ஆட்டத்தை ஆரம்பி."

யாருக்கும் பாதகமில்லாத பக்கத்தை ஒருவர் ஏன் கிழிக்க வேண்டும்? கிழித்தவருக்கு வேண்டியது அது இல்லை. அவள் சொன்னது முப்பத்தெட்டை. போனது முப்பத்தாறு. பக்க எண்ணை அவள் எப்போதும் மேல் மூலையில் பெரிதாகத்தான் எழுதுவாள். ஆறும் எட்டும் ஒருவருக்கு எப்படி ஒன்றாகத் தெரியும்?

முப்பத்தெட்டைத் திருப்பினாள். மேசைமேல் எல்லாருக்கும் பொதுவாக மூன்று இஸ்பேட் விரித்திருந்த ஆட்டம். அண்ணன் கையிலிருந்த வில்லை அத்தனையும் வைத்தான். போட்டோக்காரர் துணிந்து ஈடுகொடுத்தார். அண்ணன் சீட்டைத் திறந்தான்: ஒன்று இஸ்பேட், மற்றது அதே கறுப்பில் கிளாவர். "சும்மா மிரட்டிப் பார்த்தேன்" என்று சிரித்தான். ஆனால் சிரிப்பதற்கு முன் வில்லைகளை வாரக் கை நீட்டினான் என்று அவளே எழுதியிருந்தாள். மிரட்டி மாட்டிக்கொண்டவன் வாரக் கை நீட்டமாட்டான். கையில் இருப்பது இரண்டும் இஸ்பேட், மேசையோடு மொத்தம் ஐந்து சேர்ந்து ஜெயித்தாயிற்று என்று நம்பியவன்தான் நீட்டுவான்.

பின்னால் இருந்த பக்கங்களிலும் அதே மாதிரி ஆட்டம் இரண்டு இருந்தன. ஓரத்தில் அவள் கையெழுத்து: 'அண்ணன் நிதானம் இழக்கிறான். விடாதே.' விடவில்லை அவள். மூன்று வாரமாக அதில்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அதைப் படிக்க அவளுக்கே கூசியது.

10.50. "அண்ணா, கொஞ்சம் உள்ள வா."

அடுக்களையில் நோட்டை அவன் முன் பிடித்தாள். "இது எத்தனையாவது பக்கம்?"

அவன் தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தான். "முப்பத்தாறு..." என்றவன் பாதியில் நிறுத்தினான். அதைத்தான் கிழித்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"முப்பத்தெட்டு, அண்ணா. நீதான் கிழிச்சே. கண்ணு எப்போலேர்ந்து இப்படி?"

சட்டைப்பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்து மேடைமேல் வைத்தான். "ரெண்டு மாசமா. நடுவுல மட்டும் ஒரு மங்கல். நாலு பேரு கூடிப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"நாளைக்கு ஸ்கூல் வண்டி எடுக்கணுமா?"

"ஏழேகாலுக்கு. அந்த ரோடு எனக்கு மனப்பாடம் பாப்பா. ஸ்கூல் பஸ் எவ்வளவு பெருசு, எல்லாரும் ஒதுங்கித்தான் போவாங்க."

"குறுக்கே ஓடி வர்ற குழந்தை பெருசா?"

அவன் குழாயைத் திறந்து முகம் கழுவினான். துடைக்காமலே நின்றான்.

"முதல்ல கண் டாக்டரைப் பார்க்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "ஆனா நாளைக்கு நீ ஓட்டக் கூடாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"இருபத்திரண்டு வருஷமா அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அவள் துண்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள். கூடத்தில் மற்ற இருவரும் பேச்சைக் குறைத்திருந்தார்கள்.

முகத்தைத் துடைத்துவிட்டு அண்ணன் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வண்டி மேனேஜர் நம்பரை நீ போடு. நான் பேசறேன்."