எங்கிருந்து, எங்கே

டீ சுடவில்லை. ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது, மூக்குக்கண்ணாடியில்கூடப் படிந்தது, ஆனால் நாக்கில் விழுந்தது பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அன்வருதீன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்திருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி பதுருன்னிசா மவுத்தாகி வருஷம் ஒன்று ஆகப்போகிறது. இந்த வருஷத்தில் எது சுட்டது, எது உறைத்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் அவர். கருவடிக்குப்பத்தில் மாடிப் போர்ஷன். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை, கம்ப்யூட்டர் பைத்தியம். ஆபீஸ்களில் கழித்துப் போட்ட சாமான்களைச் சேர்த்து அவரே கட்டிய மிஷின் இது, இதன் கோணல் புத்தி அவருக்கு மட்டும்தான் பிடிபடும். மழை ஈரத்தில் மூன்று பீப் அடித்தால் மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்க்க வேண்டும். ஃபேன் கரகரத்தால் இடது பக்கம் இரண்டு தட்டு. உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. அது செத்துவிட்டதால் எப்போது போட்டாலும் ஜனவரி ஒன்றாம் தேதியில்தான் கண் விழிக்கும். "என் சக்களத்தி முழிச்சிட்டாளா?" என்பாள் பதுருன்னிசா அடுப்படியிலிருந்து. அவளுக்கு முதுகு தட்டிவிடத் தெரிந்த மனுஷனுக்கு எனக்கு ஒரு நாள் தலை பிடித்துவிடத் தெரியவில்லையே என்றும் சொல்வாள்.

அந்தச் சக்களத்தியிடம்தான் பதுருன்னிசாவின் வீடியோக்கள் மொத்தமும் இருந்தன. நோன்புக்கு சமோசா பொரிப்பது, தூறலில் பீச் ரோட்டில் நடப்பது, பூனையைத் திட்டுவது, எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. வேறு நகல் கிடையாது. ஊருக்கெல்லாம் நகல் எடுத்து வை என்று சொல்கிறவர் வீட்டில் நகல் இருக்காது. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் அனம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வருஷ ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அம்மா குரலைக் கேட்க வேண்டும்.

போன வாரம் அந்த டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது, எவர்சில்வர் தட்டில் நகத்தால் தட்டுகிற மாதிரி. சாகப்போகிற டிஸ்கின் சத்தம் அது. திங்கட்கிழமை லீவு போட்டுப் புது டிஸ்க் வாங்கிவந்து இரண்டையும் மாட்டி, எங்கிருந்து எங்கே என்று டைப் அடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு நகலை ஓட விட்டார். ஐந்தாவது நிமிஷம் கரண்ட் போனது.

அந்த மிஷினில் டிஸ்குகளின் பெயர் நிரந்தரம் இல்லை. எது முதலில் கண் விழிக்கிறதோ அதற்கு முதல் பெயர். அணைத்துப் போட்டால் பெயர்கள் இடம் மாறலாம், மறுபடி பார்க்காமல் கை வைக்காதே என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். கரண்ட் வந்ததும் மேல் அம்புக்குறியைத் தட்டினார். பழைய கட்டளை அப்படியே வந்து நின்றது. என்டர்.

மூன்று மணி நேரம். பிழை எதுவும் இல்லை என்று மிஷின் சொன்னது. காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் சுத்தமாக நகலாகியிருந்தது. உள்ளே திறந்து பார்த்தார். பூஜ்யம், பூஜ்யம், கண்ணுக்கெட்டியவரை பூஜ்யம். இதற்கு வைத்தியம் இல்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை. எழுந்துபோய் மாடியில் காய்ந்த துணியை எடுத்துவந்து மடித்து வைத்தார்.

மறுநாள் மதியம் அதே டிஸ்க் தானாகத் திறந்துகொண்டது. இந்த டீ ஆறாமல் ஆறியதும் அப்போதுதான். உள்ளே ஒரே ஒரு வீடியோ இருந்தது, சமோசா. திரையின் ஓரத்தில் அவர் திறக்காத ஒரு கறுப்புச் சதுரம். அதில் ஒரு நகல் ஓடிக்கொண்டிருந்தது. நாலு சதவீதம். எங்கிருந்து என்ற இடத்தில் அன்வர் என்றும், எங்கே என்ற இடத்தில் பத்ரு என்றும் இருந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் அந்த மிஷினில் தனித்தனிப் பெயர் போட்டுக் கொடுத்திருந்தார் அவர். அன்வர், பத்ரு, அனம். தன் கணக்கில் எங்கோ பழைய நகல் ஒன்று ஒளிந்திருக்கிறது, அதிலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொண்டார். யார் ஓட விட்டது என்று தேடினால் அப்படி ஒரு வேலையே ஓடவில்லை என்றது மிஷின். நிறுத்திப் பார்க்கலாமா என்று விரல் நீண்டது, மடங்கிக்கொண்டது. ஓடுகிற நகலில் கை வைத்தால் வந்ததும் போய்விடும். வெள்ளிக்கிழமை வரை ஓடட்டும்.

புதன்கிழமை முப்பத்தெட்டு சதவீதம், பதினேழு வீடியோ. சமோசா வீடியோ இரண்டு நிமிஷம் என்று அவருக்கு நினைவு. இப்போது மூன்றைத் தாண்டி ஓடியது. எண்ணெய் அடங்கிய பிறகும் பதுருன்னிசா அடுப்படியிலேயே நின்று, முந்தானையால் கையைத் துடைத்தபடி, கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பகல் முழுக்க வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. குழம்பு அடிப்பிடித்துக் கரியாகி, பக்கத்துப் போர்ஷன் நிர்மலா வந்து கதவைத் தட்டி என்ன நாற்றம் என்று கேட்கும்வரை அவருக்குத் தெரியவில்லை. பாத்திரத்துக்குள் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அத்தர் பாட்டிலைத் திறந்தார். ஒன்றும் இல்லை. உள்ளே போய் பதினெட்டாவது வீடியோ வந்துவிட்டதா என்று பார்த்தார்.

வியாழக்கிழமை ஃபாத்திஹாவுக்குச் சாமான் வாங்கக் கீழே கலியமூர்த்தி கடைக்குப் போனார். பேரீச்சம்பழம் அரைக் கிலோ என்று கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். கலியமூர்த்தி அவருக்குப் பின்னால் இருந்த தெருவைப் பார்த்துக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெறுங்கையோடு படியேறும்போது போன் அடித்தது. அனம்.

"அத்தா? அத்தா, கேக்குதா?"

கேட்குதும்மா என்றார்.

"அத்தா, பேசுங்க. ஒண்ணுமே கேக்கல."

அவர் பேசினார். வீட்டுக்குள் போய்க் கத்தினார். தொண்டை நரம்பு புடைப்பது விரலுக்குத் தெரியவில்லை, சுவரில் மாட்டிய கண்ணாடியில்தான் தெரிந்தது. சிக்னல் இல்லை போல, நாளைக்கு வந்துவிடுகிறேன், சாவி என்னிடம் இருக்கிறது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

எண்பத்தாறு சதவீதம். பூனை வீடியோவைப் போட்டார். பதுருன்னிசா பூனையைத் திட்டினாள். திட்டி முடித்தாள். வீடியோ முடிய வேண்டிய இடம் அது. முடியவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவள் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு கை தெரிந்தது, கையில் டீ டம்ளர். உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் நேராக அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அனம் வர்றதுக்குள்ள நிறுத்திடுங்க."

எந்த வீடியோவிலும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அன்வர் என்று போட்டிருந்தது கணக்கின் பெயர் இல்லை, தன் பெயர் என்று அவருக்குப் புரிந்தது. மூன்று நாளாகத் தெரிந்தேதான் தெரியாத மாதிரி இருந்திருக்கிறோம் என்பதும் புரிந்தது. பயம் எங்கேயோ தூரத்தில் இருந்தது, பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தம் மாதிரி. ஆனாலும் சுவர்ப் பக்கம் குனிந்து பிளக்கைப் பிடித்தார்.

பிடித்தாரா என்று தெரியவில்லை. விரல்கள் மூடின. இழுத்தார். பிளக் அசையவில்லை. ஸ்விட்சை அழுத்தினார். அது இறங்கவில்லை. கேபினெட்டின் இடது பக்கம் ஓங்கி அறைந்தார், வழக்கம்போல இரண்டு தட்டு. சத்தம் வரவில்லை. டிஸ்க் மட்டும் டக் டக் என்றது. தொண்ணூற்றொன்று.

வெள்ளிக்கிழமை மதியம் சாவி திரும்பியது.

அனம் பையை வைத்தாள். அத்தா என்று கூப்பிட்டாள். அடுப்படி, பாத்ரூம், மாடி எல்லாம் பார்த்தாள். அவர் கூடவே போனார். அவளுக்கு முன்னால் நின்றார். வெயிலில் வந்த பிள்ளையின் முகத்தில் வியர்வை முத்து முத்தாக இருந்தது. ஜும்மா முடிந்து அப்படியே கடைக்குப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டீ போட்டு எடுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இன்னும் ஜனவரியிலேயே இருந்தது மிஷின். சிரித்தாள். நூறு சதவீதம். நாற்பத்தொன்றும் வந்திருந்தன. நாற்பத்திரண்டாவதாக ஒன்று.

அதைத்தான் அவள் முதலில் திறந்தாள்.

இந்த அறைதான். இதே நாற்காலிகள். பதுருன்னிசா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அன்வருதீன். அனம் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அத்தா, நீங்களும் இருக்கீங்களா இதுல. எப்ப எடுத்தீங்க?"

திரையில் இருந்த அன்வருதீன் மகளைப் பார்த்துக் கையசைத்தார். நல்ல தெம்பாக இருந்தார். பதுருன்னிசா கையசைக்கவில்லை. அவள் அனமைப் பார்க்கவில்லை. அனமின் தோளுக்குப் பின்னால், அவர் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள், இல்லை இல்லை என்று.

எழுந்திரும்மா என்றார் அவர். எழுந்திரு. எழுந்திரு.

ஓரத்தில் கறுப்புச் சதுரம் ஒரு தடவை மறைந்து, திரும்ப வந்தது. எங்கிருந்து என்ற இடத்தில் அனம் என்று இருந்தது. ஒரு சதவீதம்.

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அனம் டம்ளரை எடுத்தாள். வாய் வைத்து ஒரு பெரிய மடக்கு குடித்தாள். புருவம் சுருங்கியது.

"சூடே இல்ல," என்றாள் தனக்குள்.

டம்ளரிலிருந்து ஆவி கிளம்பி, அவள் முகத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.