யாரோ கழற்றிவைத்த கால்

விடியற்காலையில் ரித்தி வழக்கம்போலச் செயற்கைக் காலை மடியில் கிடத்தி, கிண்ணம் போன்ற அதன் வாய்க்குள் துணியை விட்டுத் துடைத்தான். உள்ளே சூடாக இருந்தது.

இரவெல்லாம் பலகைச் சுவரில் சாய்ந்து நின்ற பிளாஸ்டிக் அது; மழைக்கால ஈரத்தில் மண்குடம் மாதிரிக் குளிர்ந்திருக்க வேண்டியது, இப்போதுதான் யாரோ கழற்றிவைத்ததுபோல் வியர்வைப் பிசுக்கும் வெதுவெதுப்புமாக, தன்னுடையதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு வாடையோடு இருந்தது. ரப்பர் விரல்களின் இடுக்கில் செம்மண்.

வீட்டைச் சுற்றிலும் கறுப்புச் சேறுதான். செம்மண் கிழக்கு மேட்டில் மட்டும். மண்டையோடு வரைந்த பலகைகளுக்கு அப்பால், கண்ணிவெடி இன்னும் எடுக்காத அவனுடைய நிலம். முழங்காலுக்குக் கீழே இடதுகால் அங்கேதான் போனது.

மனைவி மாலிஸ், துவைத்துக் காயவைத்த கால் உறையை நீட்டினாள். "என்னங்க, அப்படிப் பாக்குறீங்க?"

"ராத்திரி என் காலை யாரு எடுத்தது?"

கீழே, வீட்டைத் தாங்கும் தூண்களுக்கிடையே தொங்குவலையில் படுத்திருந்த அவள் தம்பி பொலின் சிரித்தான். "அது பட்டம்பாங் டவுன்ல பொண்ணு பாத்திருக்கு மச்சான். உன்கிட்ட சொல்லலியா?"

மாலிஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரித்திக்குப் பிடிக்கவில்லை.

மேட்டில் மரவள்ளி போடவேண்டும் என்று பொலினுக்கு ஆசை. வெடியெல்லாம் மக்கிப்போச்சு என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். அந்த ஊரில் முன்னால் போனவனின் தடம் இருந்தால்தான் அப்படிப்பட்ட மண்ணில் கால் வைப்பார்கள். மேடு பத்திரம் என்று நம்பவைக்க, பொலின் இந்தக் காலைக் கழியில் கட்டித் தடம் பதிக்கிறானோ? அக்காவும் கூட்டோ?

அன்று ரித்தி, மிச்சக்கால் சூம்பிக் கிண்ணம் தளரும் மாலை நேரத்தில் போடும் இரண்டாவது உறையை, அவளிடம் கேட்காமல் தானே தேடி மாட்டினான். படுக்கும்போது செயற்கைக் காலைக் கொசுவலைக் கயிற்றால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டான். இல்லாத குதிகால் அரித்தது. பிறகு, இல்லாத பாதத்தின் அடியில் ஈரம். சேறு. ஒரு அடி. இன்னொரு அடி. கனவு என்று நினைத்துக்கொண்டான்.

விழித்தபோது கயிற்றின் முடிச்சு அவிழாமல் இருந்தது. கால் இல்லை.

அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த மாலிஸிடம் அவன் சொல்லவில்லை. ஊன்றுகோலோடு ஏணியில் இறங்கினான். தொங்குவலை காலி. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

ஏணியடியிலிருந்தே தடங்கள். இடது பாதம் மட்டும். கூட நடந்தவன் சுவடு எதுவும் இல்லை. கோபத்தில் அதை அவன் யோசிக்கவில்லை. மண்டையோட்டுப் பலகைகளைத் தாண்டியதும் உடம்பு பழக்கத்தில் தானாகவே செய்தது: தடத்துக்குள் கோல், அதே தடத்துக்குள் தாவும் வலக்கால். ஒரு விரலும் வெளியே படாமல்.

தூறல் பிடித்தது. தவளைச் சத்தம் நின்றுபோனது.

"மச்சான்!"

பொலினின் குரல். பின்னாலிருந்து. வீட்டுப் பக்கமிருந்து.

"எங்க போறே மச்சான்? ஐயோ, அங்க போகாதே! அக்கா, ஓடி வா!"

ரித்தி கழுத்தை மட்டும் திருப்பினான். வந்த தடங்களில் செம்மண் நீர் நிறைந்து, விளிம்பு கரைந்து, ஒவ்வொன்றாக மண் மூடிக்கொண்டிருந்தது.

முன்னால் பழைய வெடிக்குழி. அதன் விளிம்பில் கால் நின்றது. பிடிக்க ஆளில்லாமல். விரல்கள் அவனைப் பார்த்து. கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது. இல்லாத பாதம் சில்லிட்டது.

அதன் பக்கத்தில் புதிதாக ஒரு தடம். வலது. வெறும் பாதம். சுண்டுவிரல் உள்ளே மடங்கியது, அவனுடையதைப் போலவே. அவன் இன்னும் வைக்காத அடி.

ஒரு தாவல் தூரம். வேறு தடம் எங்கும் இல்லை.

ஊன்றி நின்ற கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது.