மேடேறும் நீரோட்டம்

தேநீர் உப்புக் கரித்தது.

"சீனின்னு நெனச்சு உப்பப் போட்டுட்டியாம்மா?" என்றாள் திலகம்.

"நானா? காலையிலேர்ந்து கொழுந்தே உப்பாத்தான் இருக்கு. மீன் கவிச்சி அடிக்குதுன்னு கணக்கெழுதுற கிராணி கூடைய மோந்து பாத்து ஏசிட்டுப் போறான்," என்றாள் வடிவம்மாள். "படிச்சவ, நீதான் சொல்லேன்."

படித்தவள். இந்தத் தேயிலைத் தோட்ட லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கடற்கரையில் இரண்டு ராடார்களை நிறுத்தி, கடலின் மேல்நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அளக்கும் ஆராய்ச்சியில் அவளுக்கு வேலை. ஒரு ராடாருக்கு நீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பது மட்டும்தான் தெரியும்; இரண்டின் கணக்கையும் சேர்த்தால்தான் வரைபடத்தில் ஓர் அம்பு விழும். அம்புகளை வரைவது அவள். கணக்கைச் சரிபார்க்கக் கடலில் மிதவை போடும் படகில் அண்ணன் அர்ஜுனனைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முன், நீர் வெறிபிடித்து வெளியே இழுக்கிறது என்று அம்புகள் காட்டியும், மேலாளர் சாம்பசிவம் படகை அனுப்பினார். அர்ஜுனன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"குடிச்சிட்டு விழுந்துட்டான்னு எழுதிக்கலாம் லா. அம்ப மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிடு. ஒன் எதிர்காலத்தப் பாரு," என்றார் அவர்.

பீர் வாடையே ஆகாதவன் அர்ஜுனன். அந்த வாயில் அறைந்திருக்க வேண்டும். அவள் ரப்பரை எடுத்தாள். அழித்தாள். கையெழுத்தும் போட்டாள். அண்ணன் போனதை அம்மாவிடம் சொல்லத்தான் வந்திருக்கிறாள். வந்து இரண்டு நாளாகிறது; இன்னும் சொல்லவில்லை.

நாலு மணிக்கே மூடுபனி தேயிலைச் சரிவை விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. தகரக் கூரையில் சொட்டும் ஈரம், விறகுப் புகை, அதற்கடியில் இந்த மலைக்குச் சம்பந்தமே இல்லாத சேற்று வாடை, எல்லாம் அறைக்குள் வந்து நிற்க, அவள் பல்லைக் கடித்தபடி மிச்சமிருந்த ராடார்க் கணக்குத் தாள்களை வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஓர் அம்பு மட்டும் மற்றவற்றுக்கு எதிராகக் கரையைப் பார்த்து நின்றது. அடுத்த தாளில் கரைக்கு இன்னும் கிட்டே. அதற்கடுத்ததில் ஆற்று முகத்துவாரத்தில்.

அதற்கடுத்தது நிலத்தில்.

ராடாருக்கு நிலம் தெரியாது. மறுபடி கணக்குப் போட்டாள். மலையடிவாரத்துத் தாப்பா. மறுபடி. மலைப்பாதையில் ரிங்லெட்.

கடைசித் தாள். இரண்டு ராடார்களின் கோடுகளும் வந்து வெட்டிய இடம் இந்தத் தோட்டம்.

ரப்பரை எடுத்தாள். தேய்த்தாள். தாள் கிழிந்தது. அடியில், மேசைப் பலகையில், ஈரமாக அதே அம்பு.

கூரைச் சொட்டு நின்றது.

"அர்ஜுனா!" வாசலில் அம்மாவின் குரல். "என்னடா இப்படித் தெப்பமா நனைஞ்சு வந்திருக்க? பேசேன்டா! அடியே திலகம், அண்ணன் வந்திருக்கான், துண்டு கொண்டா!"

அவள் அசையவில்லை. அம்மா தன் முந்தானையாலேயே குனிந்த அந்தத் தலையைத் துவட்டினாள். சிரித்துக்கொண்டே துவட்டினாள். துவட்டத் துவட்ட முடியிலிருந்து நீர் கொட்டியது. நிற்கவில்லை. கறுத்த நீர்.

கழுவிவிட வசதியாக வாசல் பக்கம் சரித்துப் பூசிய சிமெண்டுத் தரை அது. நீர் வாசலுக்கு ஓடவில்லை. மேடேறியது. முனை கூர்ந்து, நேராக அவள் காலை நோக்கி.

இடப்பக்கம் நகர்ந்தாள்.

நீரும் திரும்பியது.