மண்ணுக்குக் கொடுத்த பேர்

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வெங்கடம்மாள் அதைக் கவனித்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை.

காது அடைத்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். பதினோரு நாள் அனலாய்க் கொதித்த உடம்பு அது. ஆனால் கோழி சிறகடித்தால் திரும்புகிறாள். களி கிண்டும் துடுப்பு சட்டியில் இடித்தால் சிரிக்கிறாள். "முனிலட்சுமி" என்றால் மட்டும், தெருவில் போகிற வேறு யாரையோ அழைத்த மாதிரி, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நாலு வயசு. பேர் காதில் விழுந்ததும் ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை.

இந்த இடத்தில், பிள்ளை வைத்திருப்பவர்கள் பக்கத்தில் கையை நீட்டி ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. நான் காத்திருக்கிறேன்.

ஆடி மாசம். கெலமங்கலத்துக்கு வெளியே ராகிக் கொல்லைகளுக்கு நடுவில் ஒற்றை ஓட்டு வீடு. காலையிலிருந்து வெயில் முகமே காட்டாமல், தளி பக்கத்து மலைகளிலிருந்து இறங்கிய காற்று கூரையை ஒவ்வோர் ஓடாகத் தூக்கிப் பார்த்து மறுபடி வைத்துக்கொண்டிருந்தது. புருஷன் சென்னப்பன் முந்தாநாள் விடியுமுன்னே வண்டி கட்டிக் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. வாசல் நிலையில், மஞ்சள் கயிற்றில், ஆகாச கருடன் கிழங்கு தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் காற்றைக் குடித்தே துளிர்விடுகிற கிழங்கு. வீட்டைத் தேடி வருகிற கேடுகளையெல்லாம் அது தன் மேல் வாங்கிக்கொள்ளும் என்று அந்தப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிற எல்லாருமே நம்பினார்கள்.

எந்தக் கஷாயத்துக்கும் காய்ச்சல் இறங்காதபோதுதான், சந்தையில் வேரும் பட்டையும் விற்கிற கரியப்பனிடம் அவள் போய் அழுதாள். ஆனேக்கல் பக்கத்து மனிதர். கன்னடம்தான் பேசுவார், அங்கங்கே தமிழ் கலந்து. விலைக்கு வாங்கினால் கிழங்கு வேலை செய்யாது, பெற்றவள் கையால் தோண்டவேண்டும் என்றார். முந்தின நாளே செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, பிடுங்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். அமாவாசை விடியலில் போகவேண்டும். இரும்பு படக்கூடாது, அவள் நிழலும் செடிமேல் விழக்கூடாது. எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியாக ஒன்று சொன்னார்.

"மண்ணிகெ பேரு கொட்டு பா. கொத்தாய்தா?"

புரிந்ததா என்று கேட்கிறார். வெங்கடம்மாள் நாகரசம்பட்டிக்காரி. வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருஷமாகியும் அவள் கன்னடம் ஊருக்கே சிரிப்பு. கன்னடத்தில் ஹாலு என்றால் பால். "இவகிட்ட ஹாலு கேட்டா ஆளக் கூட்டியாருவா" என்று சென்னப்பன் நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பான். மறுபடி கேட்டால் இந்தக் கிழவரும் சிரிப்பார் என்று தோன்றியது. மண்ணுக்குப் பேரு கொடுத்துவிட்டு வா. இதில் புரியாமல் என்ன இருக்கிறது? "கொத்தாய்து" என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அமாவாசை விடியலில் கிழங்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, அந்தக் குழியின்மேல் குனிந்தாள். முழங்கை ஆழம்தான் தோண்டியிருந்தாள். ஆனால் அடி தெரியவில்லை. ஈரமும் குளிருமாக ஒரு வாடை, யாரோ வாய் திறந்து வைத்திருப்பதுபோல, முகத்தில் அடித்தது. அதற்குள்ளே தெளிவாக, மூன்று தரம் சொன்னாள். முனிலட்சுமி. முனிலட்சுமி. முனிலட்சுமி.

அன்று மாலையே காய்ச்சல் விட்டது.

இப்போது புழக்கடையில் நின்று, குழந்தைக்கு நிச்சயம் கேட்கட்டும் என்று, பலமாகக் கூப்பிட்டாள்.

"முனிலட்சுமி."

குழந்தை அசையவில்லை. ராகிக் கொல்லைக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

"ம்."

காற்று சட்டென்று நின்றிருந்தது. கதிர்கள் ஆடவில்லை, ஓரிடத்தில் தவிர. அங்கே, நாலு வயசுப் பிள்ளை உயரத்துக்கு, தாள்கள் மெல்ல விலகி மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தன.

முட்டை வாங்க வந்த ரோஷன் பீ முன்வாசலில் குரல் கொடுத்தபோது வெங்கடம்மாளுக்குப் போன உயிர் வந்தது. வீடு வீடாக முட்டை சேர்த்துச் சந்தையில் விற்கிறவள். மூன்று பாஷையும் தண்ணீர்போலப் பேசுவாள். வெங்கடம்மாள் நடந்ததையெல்லாம் கொட்டினாள். கரியப்பன் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டியதும் ரோஷன் பீக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டி, கன்னடத்துல பேருன்னா வேரு. நம்ம பேருக்கு அவங்க ஹெசருன்னுவாங்க. ஒரு வேர ஒடச்சி குழியில போட்டுட்டு வான்னுருக்காரு. உசுர எடுத்தா உசுரு குடுக்கணுமில்ல, அதுக்கு."

சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ எத குடுத்த?"

வெங்கடம்மாள் குழந்தையைப் பார்த்தாள். ரோஷன் பீயும் பார்த்தாள். அப்புறம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலையில் கரியப்பனைத் தேடிப் போகலாம் என்றாள். அதுவரை பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது என்றாள். "நீ கூப்புடக் கூப்புட அதுக்கு வழி தெரியும்." முட்டையை எடுக்காமலே போனாள். வேகமாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. வெங்கடம்மாள் விளக்கேற்றிக் கதவைச் சாத்தினாள். மேல்தாழ் எப்போதோ உடைந்துபோனது. அடித்தாழை மட்டும் போட்டாள். குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் தலைமுடியில் எண்ணெய் வாசனை இருந்தது. அதன் கீழே, மெலிதாக, குழியின் வாடை.

காலடிச் சத்தம். ஈரமான, சின்னக் காலடி. வீட்டை ஒரு சுற்று சுற்றியது. புழக்கடை. மாட்டுக் கொட்டில். வாசல்.

நின்றது.

"அம்மா."

குரல் மடியிலிருந்து வரவில்லை.

"ஆரு?" என்று மடியிலிருந்த குழந்தை கேட்டது.

"நாந்தான். முனிலட்சுமி."

குழந்தை தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. "முனிலட்சுமி யாரும்மா?"

வெங்கடம்மாள் அதன் வாயைப் பொத்தினாள். மூச்சை அடக்கினாள். தூரத்தில் மணிச் சத்தம். எருதுகளின் மணி. அவர் வண்டி. இன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார். வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்து வரட்டும், சாமி. வண்டி நின்றது. அச்சு முனகியது.

"அட, என் தங்கம்," சென்னப்பனின் குரல் வாசலில் கொஞ்சியது. "முனிலட்சுமி, இருட்ல தனியா என்னாம்மா பண்ற? வா, அப்பாகிட்ட வா." தூக்கிக்கொள்ளும் சத்தம். கதவில் தட்டும் சத்தம். "ஏ வெங்கடி, புள்ளய வெளிய வுட்டுட்டு கதவ சாத்திக்கினு உள்ள என்னா பண்ற?"

கத்த வேண்டும். குழந்தையின் வாயைப் பொத்திய கையை எடுத்தாள்.

அப்பா குரல் கேட்ட சந்தோஷத்தில் குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கியது. கதவை நோக்கி ஓடியது. அடித்தாழ். அதன் கைக்கு எட்டும். நிறுத்த வேண்டும். எதைச் சொல்லி நிறுத்துவது? பெற்றவள் வாயில் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை.

"முனிலட்சுமி!"

ஓடியது திரும்பவில்லை.

"வந்துட்டேம்மா," என்றது வெளியே இருந்தது.

தாழ் விலகியது.

சென்னப்பன் சிரித்தபடி நின்றிருந்தான். இடுப்பில் ஒரு குழந்தை; முகத்தை அவன் கழுத்தில் புதைத்திருந்தது. தொங்கிய பாதங்களின் அடியிலிருந்து முடிபோல வெள்ளை வேர்கள் நீண்டு, நிலைப்படியைத் தடவிக் கடந்து, கதவைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையின் கணுக்காலை ஒவ்வொன்றாகச் சுற்றின. குழந்தை அழவில்லை. அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

சென்னப்பன் குனிந்து அதைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு குறைந்தது. அந்த முகத்தை அவன் எங்கேயும் பார்த்ததில்லை.

"யாரு வூட்டுப் புள்ள இது?" என்றான்.

அவன் இடுப்பில் இருந்தது தலையைத் தூக்கியது. வெங்கடம்மாள் என்ன சொல்லப்போகிறாள் என்று, வாய் நிறைய மண்ணோடு சிரித்துக்கொண்டு காத்திருந்தது.